மெக்சிகோ பெல்ட்

பஃபிங் சக்கரத்தில் தகடு பட்டதும் முதலில் ஒரு சீற்றம் கிளம்பும். பிறகு அது முனகலாக இறங்கும். முனகல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். குரல் மாறினால் தகடு எங்கேயோ சூடேறுகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் நாகவல்லி பாலிஷ் போடுகிற வேலையில் பாதியைக் காதிடம் ஒப்படைத்துவிட்டாள். மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு பழைய துண்டு, தலைக்கு இன்னொரு துண்டு, நடுவே இரண்டு கண். சக்கரத்துக்குக் காட்டுகிற பச்சை சோப்புக்கட்டியின் தூள், காலை பத்து மணிக்கே அந்தக் கண்ணிமைகளில் வந்து உட்கார்ந்துவிடும்.

பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கத்தில், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குக் கோப்பை, ரிட்டயர் ஆகிறவருக்குக் கேடயம், கட்சிக்காரருக்கு வீரவாள். வருடம் முழுக்க இதுதான். வேலை செய்கிறவர்கள் பதினான்கு பேர். சக்கரத்தில் மட்டும் நாகவல்லி ஒருத்திதான். தினமும் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்து போனாள். அவள் தேய்த்துக் கொடுத்த கோப்பைகளை யார் யாரோ மேடையில் தூக்கிக் காட்டிப் போட்டோ எடுத்திருப்பார்கள். அதில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

அன்று அவள் கையில் இருந்தது கோப்பை இல்லை. இரண்டு கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, இடுப்பில் உட்காருவதற்கு வாகாக லேசாக வளைந்தது. நடுவில் முகமூடி போட்ட ஒரு பெண்ணின் தலை, இரண்டு பக்கமும் கழுகு இறக்கை, கீழே பெரிய இங்கிலீஷ் எழுத்துகள். இதைப்போல ஒரு ஜோடி ஆர்டர், மெக்சிகோ தேசத்திலிருந்து டெல்லி ஏஜெண்ட் வழியாக வந்திருந்தது. ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு.

"எக்கா, இது இன்னாத்துக்குன்னு தெரிமா?" வார் தைத்துக்கொண்டிருந்த ஜெபா கேட்டாள். இருபத்து மூன்று வயது. தையலும் பேக்கிங்கும் அவள் வேலை. "அந்த ஊர்ல பொம்பளைங்க குஸ்தி போடுவாங்களாம். ஜெயிக்கிறவ இத்த இடுப்புல கட்டிப்பாளாம். மூஞ்சில மாஸ்க் மாட்டிகினு தான் சண்டையே."

"மாஸ்க் மாட்டிகினா எவ ஜெயிச்சான்னு எப்டிடீ தெரியும்?"

"மாஸ்க்குக்குத்தான் பேரு. உள்ள கீற ஆளு யாருன்னு ஊருக்குத் தெரியாது. தோத்தாதான் கயட்டுவாங்களாம்."

நாகவல்லி முகத்துத் துண்டை இறக்கி, வாசலோரமாய்ப் போய்ப் பச்சையாகத் துப்பிவிட்டு வந்தாள். "அப்ப நம்ம கேஸுதான்," என்றாள்.

சூப்பர்வைசர் பாண்டியனுக்கு அந்த எழுத்துகள் மேல் சந்தேகம். ஐம்பது வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வரைபடத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "சேம்பியன்தான இது? கடைசில எதுக்கு ஒரு ஏ? அச்சுல தப்பா அடிச்சிட்டான் போலகீதே."

ஜெபா போனில் தேடிச் சொன்னாள். "ஆம்பளைன்னா கேம்பியோன். பொம்பளைன்னா கேம்பியோனா. கடைசில ஒரு ஆ வரும்ணா."

நாகவல்லிக்கு அது பிடித்துப்போனது. ரயில் போர்டு படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். அந்தக் கடைசி எழுத்தின் மூலை முடுக்கெல்லாம் கூடுதலாக ஒரு சுற்று தேய்த்தாள். உலகத்தில் எங்கேயோ ஒரு தேசத்தில் பொம்பளைக்கு ஒரு எழுத்தாவது கூடக் கொடுக்கிறார்கள். ஆனால் தகட்டின் கனத்தில் கையை வைத்துவிட்டார்கள். ஆண்களின் பெல்ட் நாலு மில்லி. பெண்களுடையது இரண்டு மில்லி. பொம்பளை இடுப்புக்குக் கனம் ஆகாது என்று வரைபடத்திலேயே எழுதியிருந்ததாம். நாலு மில்லித் தகடு சக்கரத்தில் எருமை மாதிரி அசையாமல் நிற்கும். இரண்டு மில்லி அப்படியில்லை, விளிம்பு பிளேடாக இருக்கும், சக்கரம் எப்போது வாய் வைத்து இழுக்கும் என்று சொல்ல முடியாது.

"எழுத்து ஒண்ணு கூட, தகடு பாதி," என்றாள் நாகவல்லி. "எந்த தேசமா இருந்தா இன்னா."

வாசலில் கைரேகை மெஷின் மாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், உள்ளிருந்து ஒரு பெண் 'தேங்க் யூ' என்பாள். பதின்மூன்று பேருக்கும் அப்படித்தான் சொன்னாள். நாகவல்லிக்கு மட்டும் சிவப்பு விளக்கு. 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.' வலது கை, இடது கை, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினாள், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள், யாரோ சொன்னார்கள் என்று ஒரு வாரம் கையில் மருதாணிகூட வைத்தாள். ரேகை இருந்தால்தானே விழும்? சக்கரம் தகட்டோடு சேர்த்து விரலையும் பாலிஷ் போட்டு வைத்திருந்தது.

மெஷினில் பெயர் ஏறினவர்களுக்குத்தான் ஈஎஸ்ஐ கார்டு. நாகவல்லிக்குப் பாண்டியன் ஒரு அட்டை நோட்டில் பென்சிலால் டிக் அடிப்பார். நோட்டு தீர்ந்தால் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. போன மழைக்காலத்திலிருந்து அவளுக்கு இருமல் விடவில்லை. காலையில் எழுந்தால் நெஞ்சுக்குள் யாரோ முறத்தில் புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். கார்டு இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டலாம், படம் எடுத்துப் பார்க்கலாம். அவள் நேராக முதலாளியிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

முதலாளி ராஜசேகரன் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வானகரத்து ஃப்ளாட்டிலிருந்து ஸ்கூட்டரில்தான் வருவார், தீபாவளிக்குத் தன் கையாலேயே ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார். "மூஞ்சியைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடற மெஷின் வந்திருக்கும்மா. மெக்சிகோ ஆர்டர் போகட்டும். முதல் பேரு உன் பேருதான்," என்றார். அந்த வாக்கைத்தான் நாகவல்லி தினமும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து, ரயிலில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை பார்சல் போக வேண்டும். புதன்கிழமை மத்தியானம் தகடு முலாம் தொட்டியிலிருந்து வெளியே வந்தது. தங்க முலாம் ஏறி, முகமூடிப் பெண் நிஜமாகவே ராணி மாதிரி ஜொலித்தாள். ராஜசேகரன் அதைத் துணியோடு தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்தார், சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கியது. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவுக்கு, மங்கலாய் ஒரு படலம்.

கடைசிப் பாலிஷ் முடிந்த தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது அந்தத் தொழிலில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விதி. விரலின் எண்ணெய் பித்தளையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் முலாம் ஏறிவிட்டால் அப்புறம் அது போகவே போகாது.

"யார் கை வெச்சது?" என்றார் ராஜசேகரன்.

பாண்டியன் கண்ணாடியை இறக்கி, தகட்டை ட்யூப்லைட்டுக்குக் காட்டி முன்னும் பின்னும் சாய்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "மத்தவங்க கைன்னா கோடு கோடா விழும் சார். இதுல கோடே இல்ல. வழவழன்னு கீது பாருங்க. நாகவல்லி கை சார் இது."

நாகவல்லி மறுக்கவில்லை. இருமல் வந்து உலுக்கியபோது தகடு துணியிலிருந்து வழுக்கியதும், கீழே விழாமல் இருக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்ததும் அவளுக்கு நினைவிருந்தது. "ஆமா சார். இருமல் வந்துடுச்சி. தெரியாம பட்டுகிச்சி," என்றாள்.

ராஜசேகரன் அவளைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். கோபத்தோடு ஆரம்பித்தவருக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு வருஷமா மெஷின்ல விழாத ரேகை, என் தகட்டுல மட்டும் கரெக்டா வந்து விழுதேம்மா!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. நாகவல்லியும் சிரித்தாள். திட்டு வாங்கவேண்டிய இடத்தில் கேலியோடு தப்பித்தோம் என்று அப்போது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

முலாமைக் கழற்றி மறுபடி தேய்க்கச் சொன்னார்கள். வியாழக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். ஏற்கெனவே இரண்டு மில்லி, இப்போது இன்னும் மெலிந்து, விளிம்பைத் தொட்டாலே கீறியது. வளைந்த தகடு என்பதால் சக்கரத்தின் மேல்மூடியில் இடித்தது. பாண்டியன் ஸ்பேனர் எடுத்து வந்து மூடியைக் கழற்றிவிட்டார். "சாயங்காலம் மாட்டிக்கலாம். நீ ஜாக்கிரதியா ஓட்டு."

பதினோரு மணிக்கு முனகலின் குரல் மாறியது. காது சொன்னது, கை பின்வாங்குவதற்குள் சக்கரம் விளிம்பைக் கவ்விவிட்டது. விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். தகடு பறந்துபோய்ச் சுவரில் மோதியிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை பார்சல், மூஞ்சி மெஷின், முதல் பெயர், எல்லாம் அந்தத் தகட்டில்தான் இருந்தன. நாகவல்லி விடவில்லை. பிடித்து இழுத்தாள். தகடு அவளிடம் வந்துவிட்டது. வலது கட்டைவிரலின் மேல்பாதி வரவில்லை.

பாண்டியன் அவளை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். கையைச் சுற்றியிருந்த துண்டு பச்சையும் சிவப்புமாய் ஊறிப்போயிருந்தது. நர்ஸ் பேனாவோடு வந்து, "எதுலம்மா மாட்டிச்சு?" என்று கேட்டாள்.

பட்டறையில் அந்தச் சக்கரத்துக்கு யாரும் பஃபிங் மெஷின் என்று பெயர் சொன்னதில்லை. பதினோரு வருடமாக எல்லோர் வாயிலும் வந்த பெயர்தான் அவள் வாயிலும் வந்தது.

"கிரைண்டர்ல," என்றாள்.

"மாவு அரைக்கிறப்ப பேச்சு குடுத்துட்டே அரைப்பீங்க, அதான்," என்று சொல்லியபடியே நர்ஸ் எழுதினாள். வலி மண்டைக்கு ஏறியிருந்த நேரம். மாவு என்ற சொல் எங்கேயோ கிணற்றுக்குள் விழுந்த மாதிரிதான் நாகவல்லிக்குக் கேட்டது. பாண்டியனுக்கு நன்றாகவே கேட்டது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் அவர் போன் அடித்தது. திரையில் முதலாளியின் பெயர். "இதோ சார்," என்று எழுந்து வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து, நர்ஸ் காட்டிய இடத்தில், கூட வந்தவர் என்று கையெழுத்துப் போட்டார்.

தகட்டைத் துடைத்து, அப்படியே முலாம் ஏற்றி, வெள்ளிக்கிழமை பார்சலில் அனுப்பிவிட்டார்கள். கட்டு மாற்றுகிற அன்று பார்க்க வந்த ஜெபா சொன்னாள். அந்தப் புளியங்கொட்டை அளவு மங்கல் இன்னும் அதே இடத்தில் இருந்ததாம். நாகவல்லி பிடித்து இழுத்தபோது மறுபடி பட்டிருக்க வேண்டும். "டிவில இதெல்லாமா தெரியப்போவுது, விடுன்னுட்டாரு சார்," என்றாள்.

கட்டு அவிழ்ந்ததும் நாகவல்லி கணவன் செங்கல்வராயனைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். ஊசிக்கும் மருந்துக்கும் என்ன வழி, இனிமேல் என்ன வேலை, இதைத்தான் கேட்க வேண்டும் என்று ரயிலில் பேசிக்கொண்டு போனார்கள். முதல் தடவை ராஜசேகரன் வெளியே வந்து, "பாண்டியன்கிட்ட சொல்லியிருக்கேன்மா, பார்ப்பாரு," என்றார். இரண்டாம் தடவை பாண்டியன் வந்து, "சார் டெல்லி போய்கீறாரு," என்றார். ஸ்கூட்டர் உள்ளே நின்றிருந்தது. மூன்றாம் தடவை கேட்டைத் திறக்கவே இல்லை. சந்து வழியாகச் சக்கரத்தின் முனகல் மட்டும் கேட்டது. யாரோ ஒரு புதுக்கை, அழுத்தம் தெரியாமல் தேய்க்கிறது என்று நாகவல்லிக்கு வெளியில் நின்றே புரிந்தது.

தொழிலாளர் ஆபீஸில் மனு கொடுத்து, இரண்டு வாய்தா தள்ளிப்போய், மூன்றாவது வாய்தாவில்தான் விசாரணை வந்தது. ராதிகா என்ற அதிகாரி நடுத்தர வயதுப் பெண். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் பாண்டியன், இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் ஒரு ஃபைலோடு.

ஃபைலில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, கைரேகை மெஷினிலிருந்து எடுத்த இரண்டு வருட வருகைப்பதிவு. பதின்மூன்று பெயர். இன்னொன்று, நர்சிங் ஹோம் சீட்டின் நகல்.

"இந்தம்மா உங்க கம்பெனியில வேலை பார்த்தாங்களா, இல்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

"எப்பனா கூட்டிப் பெருக்க வருவாங்க மேடம். ரெகுலர் கெடையாது," என்றார் பாண்டியன். ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்கதானே கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

"தெரிஞ்சவங்களாச்சே மேடம். ஊட்டுல அடிபட்டுடுச்சின்னு வந்து நின்னாங்க. மனுசன் பாத்துகினு சும்மா இருக்க முடியுமா?"

அதிகாரி சீட்டைப் படித்துவிட்டு நாகவல்லியிடம் திருப்பிக் காட்டினார். "வீட்ல வெட் கிரைண்டர்ல மாவு அரைக்கும்போது ஏற்பட்ட காயம்னு எழுதியிருக்கு. நீங்களே சொன்னதாத்தான் இருக்கும்மா."

நாகவல்லிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்த நர்ஸின் குரல் கிணற்றிலிருந்து மேலே வந்தது. "எங்க ஊட்ல கிரைண்டரே கெடையாது மேடம்! மாவு பாக்கெட்டு தான் வாங்குறோம். தெருமுனை கடைல கேட்டுப் பாருங்க. கிரைண்டருன்னா அது பட்டறை கிரைண்டரு. நாங்க அத்த அப்டித்தான் சொல்லுவோம். இவுரும் அப்டித்தான் சொல்லுவாரு. சொல்லுண்ணா!"

பாண்டியன் ஃபைலை மூடி, அதன் நாடாவைக் கட்டினார்.

"பதினோரு வருஷம் மேடம். மெஷின்ல என் ரேகை வுழாது, தேஞ்சி போச்சி. அதனாலதான் பேரு இல்ல. நோட்டுல டிக் போடுவாரு. அண்ணா, அந்த நோட்டு எங்க? சரி, நோட்டு வேணாம். தகட்டுல கறை வுழுந்தப்ப, லைட்டுல காட்டி, கோடே இல்ல, இது நாகவல்லி கைன்னு சொன்னது நீதான? அத்தன பேரு முன்னாடி சார் சிரிச்சாரே! தப்புன்னா மட்டும் என் வெரலு உனக்குத் தெரியும். வெரலு போனப்புறம் நான் யாருன்னே தெர்லயா?"

கட்டைவிரல் பாதி போன கையை மேஜை மேல் வைத்துவிட்டிருந்தாள். பாண்டியனின் காதுமடல் சிவந்தது. சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார், மறுபடி சொருகினார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குத் தையில் கல்யாணம். அது நாகவல்லிக்கும் தெரியும். அது தெரிந்ததனால்தான் அவளால் மனதாரச் சாபம் விடக்கூட முடியவில்லை. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

"அந்தத் தகடு இப்ப எங்கே இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

"மெக்சிகோவுல."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "நான் நம்பலைன்னு சொல்லலம்மா. ஆனா எனக்குக் காகிதம் வேணும். இல்லேன்னா உங்ககூட வேலை செஞ்சவங்க ஒருத்தர் வந்து சொல்லணும். ஒரே ஒருத்தர் போதும். அடுத்த வாய்தாவுக்குக் கூட்டிட்டு வாங்க."

ஒரே ஒருத்தர் என்றதும் நாகவல்லிக்கு நினைவில் வந்தது ஜெபாதான்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தாள். ஆவடிப் பக்கம் போகிற இரண்டு வண்டிகளை விட்டாள். மூன்றாவது வண்டிக்கு முன்னால் ஜெபா படியிறங்கி வந்தாள். தூரத்திலேயே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தெரியவில்லை. மூக்கைச் சுற்றிக் கறுப்பு, கண்ணிமையில் பச்சைத்தூள், மணிக்கட்டு வரைக்கும் கழுவியும் போகாத கரி.

"நீயாடீ சக்கரத்துல உக்காந்துகீற?"

"நீ போன மறுவாரமே உக்கார வெச்சிட்டாங்க எக்கா." ஜெபா பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள். "ஆளு கெடைக்கல. என் கார்டுல எங்கம்மா பேரையும் ஏத்துறேன்னாங்க. ஏத்திட்டாங்க. எங்கம்மாக்கு கிட்னி டயாலிசிஸ் அதுலதான் பாக்குறோம். வாரத்துக்கு ரெண்டு வாட்டி."

நாகவல்லி கேட்க வந்ததைக் கேட்டாள். மூன்று வரிதான். ஜெபா தண்டவாளத்தைப் பார்த்தாள். ஒரு கூட்ஸ் வண்டி முழுக்கக் கடந்துபோனது.

"என்னால முடியாது எக்கா. உனுக்கே தெரியும்." பிறகு அவசரமாகப் போனை எடுத்தாள். "ஆனா உனுக்கு ஒண்ணு வெச்சிகீறேன். போன வாரம் தேடிப் புடிச்சேன். இத்த மேடம்கிட்ட காட்டு. சாட்சியே வேணாம்."

திரையில் ஒரு பெரிய கூடாரம், விளக்குகள், கயிறு கட்டிய மேடை. பச்சை முகமூடி போட்ட பெண் ஒருத்தி, தோளெல்லாம் வியர்வையோடு, மெக்சிகோ பெல்ட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். கூட்டம் என்னவோ பெயர் சொல்லிக் கத்தியது. அவள் பெல்ட்டை இறக்கி முத்தம் கொடுத்தாள், கேமரா கிட்டே போனது. ஜெபா அங்கேயே நிறுத்தி, இரண்டு விரலால் படத்தை விரித்தாள். தங்கம் திரையெங்கும் பரவியது. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மங்கல்.

"தெரிதா? நீதான் எக்கா அது."

நாகவல்லி போனை இடதுகையில் வாங்கிக்கொண்டாள். அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எத்தனை ஆயிரம் கோப்பை தேய்த்திருப்பாள். அதில் ஒன்றையாவது ஒருத்தி தூக்கிப் பிடித்துக் காட்டுவதை இப்போதுதான் பார்க்கிறாள். அந்தப் பெண்ணின் உதடு பட்ட இடத்துக்கு ஒரு விரல்கடை தள்ளி, இப்போது இல்லாத தன் விரல் அங்கே இருக்கிறது. யாரும் கழற்ற முடியாது, தங்கத்துக்கு அடியில் இருக்கிறது. இதை மேடம் முன்னால் வைத்தால், மேடம் என்ன சொல்வார்? கோடே இல்லாத ஒரு கறை, இது உங்கள் விரல்தான் என்று எப்படி நம்புவது என்பாரா? பாண்டியன் ஒருவருக்குத்தான் அது தெரியும். பாண்டியன்தான் சொல்ல மாட்டார்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் திரை தானாக அணைந்துவிட்டது. முகமூடிப் பெண் போய், கண்ணாடியில் நாகவல்லியின் முகம்தான் தெரிந்தது.

"குடு, உன் வீட்டுக்காரரு நம்பருக்கு அனுப்பிடறேன். வண்டி வந்துடும்," என்று ஜெபா போனை வாங்கினாள். பூட்டைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தாள். போன் உதறியது, திறக்கவில்லை. துப்பட்டாவில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி உதறியது.

நாகவல்லி அந்த விரலையே பார்த்தாள். சாயங்கால வெளிச்சத்தில் அதன் நுனி வழவழவென்று மின்னியது.

"எத்தினி நாளா இப்டி?" என்று கேட்டாள்.

"ஒரு மாசமாத்தான் எக்கா." ஜெபா தலை நிமிராமலே சொன்னாள். "போனு பழசாயிப்போச்சி."

ஆவடி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. ஜெபா விரலில் ஊதி, துப்பட்டாவில் இன்னொரு தடவை அழுத்தித் துடைத்து, மறுபடியும் வைத்தாள்.